விழாத பால்பல்லைப் பிடுங்கும் முன்: பள்ளிப் பல் பரிசோதனைக்கு நன்கொடை வேண்டுகோள்

பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

போன முறை நடந்த முகாமில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டிவந்தார் ஒரு தாய். கீழ்வரிசையில் ஒரு பால்பல் மட்டும் ஆடவே இல்லை. "பிடுங்கிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். எதிர்ப்பக்கத்தில் நிலைப்பல் ஒன்று மேலேறத் தயாராக வெள்ளையாய்த் தெரிந்தது. இந்தப் பால்பல்லுக்கு அடியில் வெறும் எலும்புதான். பிடுங்கியிருந்தால் அந்த இடத்தில் வேறு பல் முளைத்திருக்காது.

இது அபூர்வமான குறை அல்ல. ஞானப்பற்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும், ஏறத்தாழ 100 பிள்ளைகளில் 6 பேருக்கு ஒரு நிலைப்பல்லாவது பிறவியிலேயே இருப்பதில்லை. 40 பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளிடம் சற்று அதிகம். பெரும்பாலும் இல்லாமல் போவது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் (பெரிய கடைவாய்ப்பற்களுக்குச் சற்று முன்னால் உள்ளது), அல்லது மேல் நடுப்பற்களை ஒட்டிய வெட்டுப்பல். பால்பற்கள் 20-ம் ஒழுங்காக முளைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. காரணம் பெரும்பாலும் பரம்பரைதான். வளர்ப்பில் குறை வைத்துவிட்டோமோ என்று எந்தத் தாயும் மனம் நோக வேண்டியதில்லை.

9, 10 வயதில் தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. பால்பல்லைச் சொத்தை விழாமல் காத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். சிலருக்குக் கம்பி கட்டி இடைவெளியை மூடலாம். செயற்கைப் பல்வேர் (இம்பிளான்ட்) பொருத்தத் தாடை வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தைப் பாதுகாப்பதே பெரிய வேலை.

அதனால் இம்முறை 4 முதல் 6-ம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளின் பற்களையும் எண்ணிப் பார்க்கப்போகிறோம். சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்துடன், எக்ஸ்ரே. எல்லாருக்கும் எடுப்பது தேவையற்றது, அதில் குழு உறுதியாக இருக்கிறது. உங்கள் நன்கொடை எக்ஸ்ரே செலவுக்கும், வசதியில்லாத பிள்ளைகளின் தொடர்சிகிச்சைக்கும் போகும். பிள்ளைகளின் பெயர் எங்கும் வெளிவராது.

தொகை சிறிதானாலும் குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பல் மருத்துவராக இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து உதவினால் அதையும் நன்கொடையாகவே ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளிப் பல் பரிசோதனைக் குழு