சக்கர ஸ்பேசரைத் தடிமன் மட்டும் பார்த்து வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் சக்கரங்கள் மட்கார்டு விளிம்புவரை வெளியே வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் என்ற உலோகத் தகட்டை வைப்போரும், வேறொரு காருக்குரிய அலாய் வீலை மாட்டுவதற்காக, தனித் திருகுகள் கொண்ட ஸ்பேசரான அடாப்டர் வாங்குவோரும் கடையில் முதலில் சொல்வது தடிமனைத்தான். கடைக்காரரும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. உண்மையில் தடிமன் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய அளவு.

மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஹப்பிலிருந்து நீட்டி நின்று சக்கர நட்டுகளைத் தாங்கும் அதன் நான்கு ஸ்டட்டுகளும் (மரையுள்ள திருகுகள்) 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஹப்பின் நடுமேட்டின் விட்டம் 54.1 மி.மீ.; ஸ்டட்டின் மரை எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம்; ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய் ஐ20-க்கும் வட்டமும் நடுமேடும் இவையே என்றாலும் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்பதால், அதன் நட்டை ஸ்விஃப்ட்டில் வலிந்து முடுக்கினால் சில சுற்றுகளிலேயே மரை கெட்டுவிடும். ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பின் மேட்டில் இடைவெளியின்றி உட்கார வேண்டும்; அதன் வெளிமுகத்திலும் சக்கரத்தின் துளைக்கேற்ற மேடு இருக்க வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று நீள்துளைகளுடன் விற்கப்படும் தகடுகளில் இவை இரண்டுமே இருப்பதில்லை. அப்போது சக்கரத்தை மையத்தில் நிறுத்தும் வேலை நட்டுகளின் தலையில் விழுந்து, வேகம் கூடும்போது ஸ்டியரிங் அதிரத் தொடங்குகிறது.

ஸ்டட்டில் செருகும் வகை ஸ்பேசர் 5 மி.மீ. தடிமன்தான் என்றாலும், ஸ்விஃப்ட்டில் நட்டு பிடிக்க வேண்டிய மரையில் நான்கு சுற்றுகளை அது விழுங்கிவிடும். ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளத்துக்கு, அதாவது 12 மி.மீ. அளவுக்கு, ஏறத்தாழ பத்துச் சுற்றுகள் நட்டுக்குள் பிடிக்காவிட்டால் நீளமான ஸ்டட்டு மாற்றாமல் அதைப் பொருத்தக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் போலோ போல, ஸ்டட்டு இல்லாமல் போல்ட்டை நேராக ஹப்பில் முடுக்கும் கார்களில் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கே போல்ட்டும் நீள வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பின்னாலுள்ள பிரேக் பாகங்களில் முட்டும்.

தனி நட்டுகளால் ஹப்பில் முடுக்கப்படும் அடாப்டரில் ஆபத்து வேறு வகையானது. உள்நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், ஏறத்தாழ 100 கி.மீ. ஓடிய பின் சக்கரத்தைக் கழற்றி அவற்றை முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்வோர் எத்தனை பேர்? அடாப்டர் மெலிதாக இருப்பதால் காரின் சொந்த ஸ்டட்டு வெளியே நீட்டி நின்றால், அதை அறுத்துவிடச் சொல்லும் பணிமனையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது. வார்ப்பு அலுமினியத்தைத் தவிர்த்து, 6061-டி6 போன்ற அலுமினியக் கலவையில் ஃபோர்ஜிங் (அழுத்தி உருவாக்குதல்) செய்து கடைந்ததையே கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு தரமானதாக இருந்தாலும், சக்கரம் வெளியே தள்ளப்படுவதால் ஹப்பைச் சுழலவிடும் பேரிங்கின் மீது கூடும் சுமையை எந்த அடாப்டரும் குறைப்பதில்லை.

தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. ஆயினும் விற்பனை தடையின்றி நடக்கிறது. ஜெர்மனியில் இப்பொருளுக்கு முறையான தொழில்நுட்ப ஒப்புதல் தேவைப்படுவதைப் போல, இங்கும் துளை வட்டம், நடுத்துளை, மரை, உலோகம் ஆகிய நான்கையும் பொட்டலத்தின் மீது அச்சிடாமல் எந்த ஸ்பேசரையும் விற்கக் கூடாது என்று போக்குவரத்துத் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
பணிமனை நடத்தும் வாசகர்,
கோயம்புத்தூர்