டெர்பிஷயர் ஈயச் சுரங்கப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 18ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த பங்காளிகளே, வணக்கம். நீங்கள் போய்ச் சேர்ந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சுரங்கத்தை 24 பங்காகப் பிரித்தீர்கள், சரி. அப்புறம் அதிலே ஒன்றைப் பாதியாக்கி 48இல் ஒன்று, அதையும் பாதியாக்கி 96இல் ஒன்று என்று விற்றும் உயிலில் எழுதியும் வைத்தீர்களே, ஈயத் தாதுவை ஒருநாளும் கையில் தொடாதவர்களெல்லாம் முதலாளி ஆகிவிட்டார்கள்!

ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை கணக்கு நாள். மதுக்கடை மேசையில் சுரங்கத்தின் ஏஜெண்ட் நோட்டைப் பிரிப்பார்: மெழுகுவத்தி, கயிறு, வெடிமருந்து, ஒரு லோடு தாதுவுக்கு இவ்வளவு என்று பேசிக் குழியில் இறங்கியவர்களின் கூலி. அன்றைக்குக் குடித்த பீர்கூடச் சுரங்கச் செலவில்தான் ஏறும். மிச்சம் இருந்தால் அங்கேயே பிரித்துக்கொண்டு கிளம்புவீர்கள். நஷ்டம் வந்து ஆளுக்கு இவ்வளவு போடுங்கள் என்றால் மட்டும் பாதிப்பேரைக் காணோம்.

ராஜாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வர்க்ஸ்வர்த் ஊரில் 1513இல் செய்த பித்தளை அளவுத் தொட்டி இருக்கிறதே, அந்தக் கணக்கில் தாதுவை அளந்து பதின்மூன்றாவது டிஷ், அதாவது பதின்மூன்றாவது தொட்டி, அவருக்குப் போய்விடும். உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் ஊர் வழக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வேலை நடக்காத சுரங்கத்துக்குச் சுரங்க அதிகாரியான பார்மாஸ்டர் வந்து, குழி வாயிலில் நிற்கும் மர ராட்டினத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். மூன்று வெட்டு விழுந்தும் யாரும் வேலையைத் தொடங்கவில்லை என்றால் சுரங்கம் வேறு ஆளுக்கு. தண்ணீரோ காற்றில்லாமையோ காரணம் என்றால் மட்டும் விலக்கு. நியாயம்தான். ஆனால் சும்மா கிடக்கும் சுரங்கத்துக்கு இருக்கிற வெட்டு, காசு போடாமல் சும்மா இருக்கிற பங்காளிக்கு இல்லையே. அவரை பார்மோட் என்கிற சுரங்கக் கோர்ட்டுக்குத்தான் இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது அந்தத் தண்ணீருக்காகத்தான். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஏறும், அதை வடிக்க மலையின் அடியிலிருந்து ஒரு பாதை குடைய வேண்டும். அதற்கு நீங்கள் வைத்த பெயர் சஃப். ஹில்கார் சஃப் 1766இல் தொடங்கி 1787இல்தான் முடிந்தது. 21 வருஷம், சுமார் 32,000 பவுண்டு. அத்தனை வருஷமும் ஒரு பைசா திரும்பி வராமல் போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு உண்மையிலேயே கும்பிடு. ஆனால் வேறொருவர் குடைந்த சஃபால் தங்கள் குழி காய்ந்ததும், அதற்குத் தரவேண்டிய தாதுப் பங்கைத் தராமல் ‘தண்ணீர் தானாக இறங்கியது’ என்று வாதாடிய பங்காளிகளும் உங்களில்தானே இருந்தார்கள். (நீங்கள் கழித்துவிட்ட கிராம்ஃபோர்டு சஃப் தண்ணீரில் 1771இல் நூற்பாலை போட்டுப் பணக்காரர் ஆனவர் ஆர்க்ரைட், டோப்பா செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர். வயிறு எரிந்திருக்குமே?)

32,000 பவுண்டை 21ஆல் வகுங்கள், பிறகு 24ஆல் வகுங்கள். ஒரு பங்குக்கு வருஷத்துக்குச் சுமார் 63 பவுண்டு. கணக்கு நாளில் லாபத்தை மொத்தமாகப் பிரிக்காமல் ஒரு பகுதியைத் தண்ணீருக்கென்று தனிப் பெட்டியில் போட்டிருந்தால், தாது நன்றாக விழுந்த வருஷங்களிலேயே இதில் நிறையச் சேர்ந்திருக்கும். அடுத்த கணக்கு நாளில், பீர் மேசைக்கு வரும் முன்பே, இதை யாராவது ஒருவர் எழுந்து சொல்லுங்கள்.