ஆலோசகர் அறைக்கு மாணவர் வர வேண்டுமானால்: கல்லூரி முதல்வர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் கல்லூரிச் செயலர்களுக்கும் வணக்கம்.

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. ஆளை அமர்த்திவிடலாம், அந்த ஆளிடம் மாணவர் வந்து வாய் திறப்பதற்கு வேறு சில ஏற்பாடுகள் வேண்டும். சமூகப் பணியில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் தொடங்கி, இன்று கல்லூரி ஆலோசகராக இருப்பவள் என்ற முறையில் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு யாரும் உள்ளே வருவதில்லை. வருகைப்பதிவு குறைந்துவிட்டது, கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம்) கட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். தோழிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, என்ன செய்யலாம் என்பார்கள். அந்தத் தோழி யார் என்பது அடுத்த முறை வரும்போதுதான் தெரியவரும். நான் முன்பு பணிபுரிந்த கல்லூரியொன்றில் ஆலோசகர் அறை வாசலிலேயே ஒரு பதிவேடு இருந்தது; பெயர், வகுப்பு, அதற்கடுத்து ‘வந்த காரணம்’ என்றொரு கட்டம். ஏறக்குறைய எல்லோரும் அதில் ‘பொது’ என்றே எழுதினார்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்குப் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்றது நிர்வாகம். எண்ணிக்கையைக் காட்டலாம், பெயரை எதற்குக் காட்ட வேண்டும்? மனநலம் குறித்த செய்திகள் ரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதை மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

ஆலோசகரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உறுப்பினராக்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். காலையில் விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் பிற்பகலில் வந்து அழ எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

எனக்குத் தெரிந்த ஆலோசகர்கள் பலர் தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். பதவி உயர்வு என்ற பேச்சே இல்லாததால் இரண்டொரு ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாண்டுப் படிப்புக்குள் மூன்றாவது ஆலோசகரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல மாணவருக்குப் பொறுமை இருப்பதில்லை. தற்கொலை எண்ணத்தோடு வந்தவரிடம் மாலை வரை பேசிவிட்டு, மறுநாள் காலையில் தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போகும் ஆலோசகர் நாளடைவில் காதால் மட்டுமே கேட்பவராகிவிடுவார். அதற்கு யோகா வகுப்பு போதாது. (உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று மேடையேறிப் பேசச் சொன்னால் பேசுகிறேன், அது வேறு.) மூத்த வல்லுநர் ஒருவரிடம், மாணவரின் பெயரைச் சொல்லாமல், கையாளும் சிக்கல்களைப் பேசித் தெளிவதை எங்கள் தொழிலில் சூப்பர்விஷன் என்போம்; பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரமாவது, பணி நேரத்திலேயே அதற்கு இடம் வேண்டும். அடுத்தடுத்து வரும் இரு மாணவர்களுக்கு நடுவே கால் மணி நேர இடைவெளியும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னும் ‘போய் கவுன்சலரைப் பார்’ என்றால் அது தண்டனையாகிவிடுகிறது. தனியே அழைத்துச் சொல்லி, அறை வரை கூடவே வந்து விட்டுப் போகும் பேராசிரியர் அனுப்பும் மாணவர்கள்தாம் மறுபடியும் வருகிறார்கள்.

விடுதியில் நள்ளிரவில் நான் இருக்க மாட்டேன். எந்நேரமும் எடுக்கப்படும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ அறிவிப்புப் பலகையோடு நிறுத்தாமல் கழிப்பறைக் கதவுகளின் உட்புறத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். யார் கண்ணிலும் படாமல் குறித்துக்கொள்ள முடிவது அங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி மாணவர் ஆலோசகர்