ஊர்ப் பொதுநலச் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கும், இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். ஆடிட்டர் கையெழுத்து ஆகிவிட்டது. செயற்குழு ஒழுங்காகக் கூடியது, சண்டையும் வழக்கம்போல நடந்தது. பூண்டு விதைப்பு நேரத்தில் மட்டும் ஆள் சேராமல் ஒரு கூட்டம் தள்ளிப்போனது, அதை இங்கே யாரும் குறையாகச் சொல்ல மாட்டீர்கள். தெருவிளக்கு, பள்ளிக்கூடச் சுவர், பஸ் நேரம் இதற்கெல்லாம் எழுதிய கடிதங்களின் நகல் கோப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நான் பேசப்போவது தண்ணீரைப் பற்றி, அதாவது ஊத்திலிருந்து ஊருக்கு வரும் குழாயைப் பார்த்துக்கொள்கிற பைப்புத் தாத்தாவைப் பற்றி. அறிக்கையில் பெயர் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் ஊர் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன்.

முழங்கால் விட்டுப்போச்சு, இனிமேல் ஊத்து வரைக்கும் ஏற முடியாது என்று கடந்த செயற்குழுவில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் டீயைக் குடித்துவிட்டு உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நமக்குத்தான் பகீரென்றது.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நம் பாட்டிமார் எல்லாம் ஓடைக்கு இறங்கித்தான் குடம் சுமந்தார்கள். பனிக்காலத்தில் அந்தச் சறுக்கலில் விழாத பெண் இந்த ஊரில் இல்லை. சோலையில் ஊத்து இருக்கிறது, ஊருக்கு மேலே இருக்கிறது, குழாய் போட்டால் மோட்டாரே இல்லாமல் தானாக இறங்கும் என்று முதலில் சொன்னவர் இவர். அப்போது நாம் மதுரை மாவட்டம், மனு மதுரைக்குப் போனது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானதும் பழைய மனு எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, மறுபடி முதலிலிருந்து எழுதினார். அஞ்சாங்கிளாஸ் படிப்புதான், ஆனால் ஒவ்வொரு மனுவுக்கும் கார்பன் நகல் வைத்திருக்கிறார், ஒப்புகை அட்டையை அதோடு சேர்த்துத் தைத்து ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அந்தக் காகிதங்களும் கூடவே இறங்கும்.

பெரிய முட்டுக்கட்டை, ஊத்து வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் இருந்ததுதான். 2006 வன உரிமைச் சட்டத்தில் பள்ளி, அங்கன்வாடி, சாலை என்று 13 வசதிகளுக்கு வன நிலம் கேட்கலாம் என்றும் அதில் குடிநீர்க் குழாயும் உண்டு என்றும் யாரோ சொல்ல, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வர எத்தனை வருஷம் ஆனது என்பது தனிக்கதை. கிராமசபையில் தீர்மானம் வந்தபோது, முதல் குழாய் மேட்டிலுள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்புக்குப் போகட்டும், மிச்சம் நமக்கு வரட்டும் என்று ஒரே பிடியாக நின்றார். சொந்தக்காரர்களே அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டுத் தொட்டியும் நிரம்பித்தான் இருக்கிறது, சரி, அதை விடுவோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது குழாய் லைன் முழுக்க மரம் விழுந்து கிடந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் இவர் முன்னால் நடக்க, பையன்கள் அரிவாளோடு பின்னால் போய்த்தான் குழாயைத் தேடி எடுத்தார்கள். காட்டுமாடு மிதித்து உடைப்பது தனி. கருப்பு ஹோஸில் காற்று அடைத்தால் நாமாக இருந்தால் மூட்டு மூட்டாகக் கழற்றுவோம். இவர் குந்தி உட்கார்ந்து காதை வைத்து, விரல் கணுவால் தட்டிக்கொண்டே நகர்வார். சத்தம் மாறுகிற மேட்டு வளைவில் கோணூசியால் ஒரு துளை, புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் பீச்சியதும் துளையில் ஒரு தீக்குச்சி, அதற்கு மேல் சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கி ஒரு கட்டு. ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இப்போது ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கணக்கு. நல்லது. ஆனால் அந்தக் குழாய்க்கும் தண்ணீர் அதே ஊத்திலிருந்துதான் வருகிறது. சுற்றிலும் வாட்டில், யூகலிப்டஸ் மரங்கள் நெருக்கிக்கொண்டு வருவதால் கோடையில் ஊத்து மெலிகிறது. அதனால்தான் தாத்தா தன் வீட்டுப் பின்கட்டில் காட்டு நாவலும் செண்பகமும் பையில் வைத்து வளர்க்கிறார், வனத்துறையிடம் அனுமதி கேட்ட மனு இந்த ஆண்டும் நிலுவையில். சோலை மரம் மெதுவாகத்தான் வளரும், அவருக்கு இருக்கிற வயதுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு அவர் பதிலே சொல்லவில்லை, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பொன்னாடை போர்த்தலாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. அந்தக் காசுக்கு ரெண்டு ஏர் வால்வு வாங்கி மேட்டு வளைவில் மாட்டுங்கள் என்றார். வால்வு வாங்கியாயிற்று, ரசீது பொருளாளரிடம்.

இன்று இரண்டு தீர்மானங்கள். ஒன்று, லைன் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள், பளியர் குடியிருப்பிலிருந்தே எடுக்கலாம் என்பது என் கருத்து. இன்னொன்று, பையன்கள் முறைவைத்துக் காவல் நடப்பது, பெண் பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம். பாதி வழி ஜீப்பில் வந்து பழக்கிக்கொடுப்பதாகத் தாத்தா ஒப்புக்கொண்டிருக்கிறார், ஜீப் வாடகையைச் சங்கம் ஏற்க வேண்டும். பெயர்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் தரவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் போகும்போது கட்டிவிட்டுப் போகவும், யாரென்று நான் வாசிக்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்