மல்லிகாவுக்கு, பார்வோ பற்றி

அன்புள்ள மல்லிகா,

உங்கள் நாய்க்குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டது என்று உன் கடிதம் வந்ததிலிருந்து மனசே சரியில்லை. வீடே அந்தக் குட்டியின் பின்னால் ஓடுகிறது என்று போன மாதம்தான் எழுதியிருந்தாய். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டு, குடிக்க முடியாமல் நின்றது என்றாயே, கிளினிக்கில் நான் பார்க்கும் பார்வோக் குட்டிகளும் அப்படித்தான் நிற்கும். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் இந்த வைரஸ் சேர்த்தே அடிக்கிறது. வெள்ளணுக்கள் விழுந்துவிடும், குடலில் கிடக்கும் கிருமிகள் ரத்தத்தில் இறங்கிவிடும். நீங்கள் உடனே டிரிப்ஸ் ஏற்றியது சரிதான். நன்றாகக் கவனித்தும் சில குட்டிகள் போய்விடுகின்றன.

வைரஸ் உருமாறிவிட்டது, அதனால்தான் தடுப்பூசி பலிக்கவில்லை என்று அங்கே பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். உருமாறியது உண்மை. பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா வைரஸின் நெருங்கிய சொந்தம் இது. 1978-ல் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நாய்களைக் கொன்று குவித்தது. அப்போது பெரும்பாலான நாய்களுக்கு இதற்கு எதிர்ப்பு சக்தி இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்குள் 2ஏ என்ற வகை வந்து பழையதை ஓரங்கட்டியது. 1984-ல் 2பி, 2000-ல் இத்தாலியில் 2சி. டிஎன்ஏ வைரஸ்கள் பொதுவாக மெதுவாகத்தான் மாறும், இதுவோ கிட்டத்தட்ட ஆர்என்ஏ வைரஸ் வேகத்தில் மாறுகிறது. அப்படியும் 2ஏ, 2பி, 2சி மூன்றையும் பிரித்துச் சொல்வது வைரஸின் வெளி ஓட்டுப் புரதத்தில் 426-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றுதான். முதலில் வந்த வகை பூனையைத் தொடவில்லை, பின்னால் வந்தவை தொடுகின்றன. நம் நாட்டில் ரொம்ப நாள் 2ஏ தான் அதிகம், இப்போது 2சி நிறையத் தெரிகிறது.

ஆனால் ஊசி தோற்றதாக நான் நினைக்கவில்லை. பழைய வகையை வைத்துச் செய்த ஊசியே 2சி-யையும் தடுக்கிறது, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் சீம்பாலில் இருக்கிறது. அதன் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குறைந்துகொண்டே வரும்போது இடையில் சில வாரங்கள், நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசி மருந்தை முறியடிக்கப் போதும். அந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறோம். உன் குட்டிக்கு 6-லும் 9-லும் போட்டு, "போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. எத்தனை வீட்டில் இப்படியே நடக்கிறது!

அப்புறம், வீட்டைக் கழுவ ஃபினாயிலை மட்டும் நம்பாதே. சானிடைசருக்கும் இது சாகாது. முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடு. கொல்லை மண்ணில் அது பலிக்காது, அங்கே வைரஸ் ஒரு வருடம்கூடக் கிடக்கும். தம்பி வேறு குட்டி கேட்டு அழுகிறான் என்றாயே, இந்த வருடம் குட்டி வேண்டாம். எல்லா ஊசியும் போட்ட வளர்ந்த நாயாக ஒன்று பார்த்து வைக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அண்ணனைக் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
வசந்தா