ஹாகிஸ் தட்டும் செல்லர் பீப்பாயும்

அன்பு மகளுக்கு,

எடின்பரோவில் அந்தப் பப்பின் பொறுப்பு உன் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வாடிக்கையாளர்கள் சொல்லும் குறைகளை வரிசையாக எழுதியிருந்தாய். ஹாகிஸ் வறண்டிருக்கிறது, தட்டில் தண்ணீர் தேங்குகிறது, ஏல் என்ற பீர் கலங்கலாகவும் புளிப்பாகவும் வருகிறது, விஸ்கியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, மேசையில் உட்கார்ந்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை, இரைச்சல் தாங்கவில்லை. பாராட்டியதையும் மறைக்காமல் எழுதினாய்: கணப்பு, சுவரில் டார்டன் கட்டத்துணி, கில்ட் பாவாடை கட்டிய பணியாளர்கள். கவனித்தாயா கண்ணு? பாராட்டெல்லாம் கண்ணில் படும் பொருளுக்கு. குறையில் பெரும்பங்கு, அவர்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே கிச்சனிலும், பீப்பாய் வைக்கும் நிலவறையான செல்லரிலும் நடந்து முடிந்த வேலைக்கு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஹாகிஸ். ஸ்காட்லாந்தின் பெயரைச் சொல்லி நடக்கும் பப்பில் பலரும் வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சுவைப்பது உன் தட்டில்தான். அது கெட்டால் அவர்களுக்கு அந்த உணவே கெட்டது. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு இவற்றைச் சேர்த்து உறையில் அடைத்தது. கடையிலிருந்து வரும்போதே வெந்துதான் வரும். உன் கிச்சனின் வேலை மறுபடி சூடாக்குவது மட்டும். அரைக் கிலோ உருண்டையை ஃபாயிலில் இறுகச் சுற்றி, தளதளவெனக் கொதிக்காமல் லேசாக அசையும் நீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைக்கச் சொல். தண்ணீர் துள்ளினால் உறை வெடிக்கும், சாரமெல்லாம் வெளியே போகும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் நடுவில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் மறுசூட்டுக்கான விதி 82 டிகிரி. இங்கிலாந்தில் பழகி வந்த சமையல்காரர் 75 டிகிரியில் எடுத்துவிடுவார், பார்த்துக்கொள்.

பின் ஏன் வறள்கிறது? சூடேறிய ஹாகிஸைப் பிரித்து மதியம் முதல் இரவு வரை வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்திருக்கிறார்கள். 63 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்தாலே சட்டத்துக்குப் போதும், நாக்குக்குப் போதாது. ஓட்ஸ் சும்மா இருக்காது. மணிக்கணக்கில் ஈரத்தை இழுத்து ஊதிக்கொண்டே போகும், கொழுப்பு உருகி அடியில் தங்கிவிடும். மேலே எடுத்து வைப்பது மரத்தூள் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே நேரத்தில் நான்கு உருண்டையைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொன்றாகப் பிரித்து, மூடி வைத்து, பரிமாறும்போது அடிக்கொழுப்போடு சேர்த்துக் கிளறி எடுக்கச் சொல். இறுகிவிட்டால் ஒரு கரண்டி சூடான ஸ்டாக் ஊற்றிக் கிளறினால் சரியாகும்.

தட்டில் தேங்கும் தண்ணீர் ஹாகிஸின் குற்றம் அல்ல, கூடவே மசித்து வைக்கும் நீப்ஸின் குற்றம். அந்த மஞ்சள் டர்னிப்பில் நீர் அதிகம். வேகவைத்து வடித்ததும் மசித்தால் அது உள்ளேயே ஒளிந்திருந்து தட்டுக்கு வந்தபின் வெளியே வரும். வடித்த கிழங்கை வெறும் பாத்திரத்தில் திரும்பப் போட்டு, சின்ன தீயில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்ட வேண்டும். ஆவி குறைந்து, பாத்திரத்தின் அடியில் சத்தம் மாறும்; ஈரம் போன சத்தம் அது. பிறகு வெண்ணெயும் தாராளமாக மிளகும். தட்டில் கூட வைக்கும் உருளைக்கிழங்குக்கும் இதே வழிதான், ஆனால் மிக்ஸியில் மட்டும் அடிக்கவே கூடாது. மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும்.

விஸ்கி சாஸ் தொண்டையில் எரிகிறது என்றும் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். க்ரீமை ஊற்றிய பிறகு விஸ்கியைச் சேர்க்கிறார்கள். முதலில் விஸ்கியைத் தனியே கொதிக்க விட்டுப் பாதியாக வற்றிய பிறகுதான் க்ரீம். புகைவாசம் கூடிய விஸ்கியை இதற்கு எடுக்காதே. மிளகையும் ஈரலையும் அது அமுக்கிவிடும்.

நம் ஊர்க்காரர்கள் வந்தால் ஒன்றை நினைவில் வை. "ஆட்டுக்கறிதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதே. பல ஹாகிஸில் சேரும் கொழுப்பு மாட்டுடையது, உறையும் பெரும்பாலும் மாட்டுக் குடல். மாட்டிறைச்சி தவிர்ப்பவருக்கு அது துரோகம் ஆகிவிடும். உன் சப்ளையர் தரும் பொருள் பட்டியலை அச்சிட்டு பாருக்குப் பின்னால் ஒட்டு. சைவ ஹாகிஸ் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பயறும் பீன்ஸும் ஓட்ஸும் சேர்த்த அது தனி ருசி. அதற்குக் கரண்டியும் தனி. இரண்டிலும் ஓட்ஸ் இருப்பதால், குளூட்டன் இல்லாதது என்று பொருள் பட்டியலில் இருந்தால் தவிர குளூட்டன் ஒவ்வாதவருக்கு இரண்டையும் கொடுக்காதே.

கல்லன் ஸ்கிங்க் சூப் பற்றிக் குறை வரவில்லை. மகிழ்ச்சி. பால் கொதித்துத் திரியாமலும், உப்பைக் கடைசியில் மட்டும் போட்டும் பார்த்துக்கொண்டால் போதும். புகைபோட்ட ஹாடக் மீனிலேயே உப்பு இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் சாயமேற்றிய மீனை வாங்காதே.

இப்போது பீர். உன் பப்பின் நோய் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

பீப்பாய் ஏல் உயிருள்ள பொருள். ஈஸ்ட் உள்ளேயே இருக்கும், வண்டல் அடியில் படியும். செல்லர் 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இறக்கி வைத்த பீப்பாயை அசைக்காமல் ஒரு நாளாவது விட்டால்தான் தெளியும். வெள்ளிக்கிழமை காலை வந்ததை மாலையே திறந்தால் கலங்காமல் என்ன செய்யும்? வண்டலை இறக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்லாஸைச் சேர்ப்பதும் உண்டு. தீவிர சைவக்காரர் கேட்டால் உண்மையைச் சொல். திறந்த பின் காற்று உள்ளே போகும், மூன்றாம் நாளுக்குப் பிறகு புளிப்பு ஏறும்.

கணக்கைப் பார். வழக்கமான ஃபர்கின் பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைண்ட் குவளை. வண்டலோடு போகும் சிலவற்றைக் கழித்தாலும் மூன்று நாளில் தீர்க்க நாளுக்கு 23 பைண்ட் போக வேண்டும். நீயோ பீப்பாய்க்கு ஒன்றாக ஆறு கைப்பம்பு வைத்திருக்கிறாய். செவ்வாய்க்கிழமை மழையில் 130 பைண்ட்டுக்கு மேல் ஏல் விற்குமா? பார்வைக்கு ஆறு இருப்பது அழகு, குடிக்கிறவருக்கு அதில் நான்கு வினிகர். இரண்டாகவோ மூன்றாகவோ குறை. அதில் ஒன்று 80 ஷில்லிங் என்ற ஸ்காட்லாந்து ஏலாக இருக்கட்டும், தேடி வருகிறவர்கள் உண்டு.

பீப்பாயிலிருந்து பம்புக்கு வரும் குழாயை வாரம் ஒருமுறை துப்புரவு மருந்து விட்டுக் கழுவ வேண்டும். இரவெல்லாம் குழாயில் நின்ற பீரைக் காலையில் இழுத்துக் கொட்டிவிட வேண்டும். முதல் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. அப்புறம் கண்ணாடிக் குவளை. ஊற்றிய பீரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார். உட்சுவரில் குமிழிகள் புள்ளி புள்ளியாக ஒட்டி நின்றால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. நுரை சட்டென்று அடங்குவதும் அதனால்தான். சாப்பாட்டுத் தட்டும் பீர்க் குவளையும் ஒரே இயந்திரத்தில் கழுவப்படுகின்றனவா என்று பார், அங்கேதான் பிசுக்கு ஏறும். ஒருவர் நுரை அதிகம் என்று நீட்டினால் மறுபேச்சில்லாமல் நிரப்பிக் கொடு. பைண்ட் என்பது 568 மில்லி, அவர் காசு கொடுத்தது அதற்கு.

விஸ்கிக்கு வருகிறேன். ஒருமுறை ஊற்றும் அளவு 25 மில்லியா 35 மில்லியா என்பதை எழுதி மாட்டியிருக்க வேண்டும். புதுப் பணியாளருக்கு நூறு பெயரை மனப்பாடம் செய்ய வைக்காதே. ஒரே கேள்வி போதும்: "புகைவாசம் பிடிக்குமா?" பிடிக்கும் என்றால் ஐலா தீவு, லஃப்ராய்க் அல்லது ஆர்ட்பெக். பிடிக்காது என்றால் ஸ்பேசைட் வட்டாரத்தின் கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் போன்றவை, அல்லது இலேசான லோலாண்ட் வகையில் ஆக்கன்டோஷன். மூன்று வகையைச் சேர்த்துக் கேட்டால் இலேசானதில் தொடங்கிப் புகை கடைசியில் வரட்டும். முறை மாறினால் மற்ற இரண்டும் நாக்கில் பதியாது. உச்சரிப்பைச் சொல்லிக்கொடு. ஐலாவை எழுத்தைப் பார்த்து 'இஸ்லே' என்று பணியாளரே சொன்னால் அந்த மேசையின் நம்பிக்கை அங்கேயே போய்விடும். குறுகிய வாயுள்ள முகர்வுக் குவளையும், பக்கத்தில் சின்ன ஜாடியில் தண்ணீரும், கேட்பதற்கு முன்பே வைக்கச் சொல். குடிதண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவது அங்கே உரிமத்தின் நிபந்தனை. ஐஸ் கேட்பவரை முகம் சுளித்துப் பார்க்கவே கூடாது. கால்வாசிக்குக் கீழே இறங்கிய பாட்டில் அலமாரியில் மாதக்கணக்கில் நின்றால் காற்றுப்பட்டு மணம் மங்கும், அவற்றை முதலில் விற்றுத் தீர்.

மேசையில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் யார் என்று விசாரித்தாயா? பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களாக இருப்பார்கள். பாருக்குப் போய் வாங்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம், அவர்களுக்கு யார் சொன்னது? ஒவ்வொரு மேசையிலும் மேசை எண்ணும் "பாரில் ஆர்டர் செய்யவும்" என்ற ஒரு வரியும் வை. நுழைந்ததும் ஒருவர் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. பாரில் கூட்டம் இருந்தால், ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து "அடுத்தது நீங்கள், அதற்கடுத்து அவர்" என்று சொன்னால் பத்து நிமிடக் காத்திருப்பையும் பொறுத்துக்கொள்வார்கள். யார் முதலில் வந்தார் என்பதை மறந்தால் இரண்டு நிமிடத்தையும் பொறுக்க மாட்டார்கள்.

25 வயதுக்குக் கீழே தெரிகிறவரிடம் அடையாள அட்டை கேட்பது சட்டம், அதைக் கெடுபிடி இல்லாமல் கேட்கப் பழக்கு. கார் ஓட்டி வந்தவருக்கு இங்கிலாந்தின் அளவு நினைவில் இருக்கும். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. ஆல்கஹால் இல்லாத நல்ல பீர் இரண்டு வகையாவது வைத்திரு. சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து அவரை உட்கார வைக்காதே.

இரைச்சல். வியாழக்கிழமை இசைக்குழுவோடு பெரிய பேக்பைப்பை உள்ளே வாசிக்க விட்டது சரியில்லை அம்மாடி. அது வெட்டவெளிக்கான வாத்தியம். ஒலியைக் குறைக்க அதில் வழியே கிடையாது. அதன் சுருதியும் பிடிலோடு சேராது. துருத்தியால் காற்றூட்டும் ஸ்மால்பைப் ஒன்று உண்டு, பிடிலோடும் அக்கார்டியனோடும் அழகாக இழையும், பேச்சையும் கெடுக்காது. பெரிய பைப்பை வாசலில் பத்து நிமிடம் வாசிக்கட்டும், தெருவே திரும்பிப் பார்க்கும். குழு உட்காரும் மூலையில் தொலைக்காட்சியை அணைத்துவிடு. கணப்பு, விளக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அவற்றைத் தொடாதே.

இந்த வாரம் ஒவ்வொரு ஏலும் நாளுக்கு எத்தனை பைண்ட் போனது, எந்தப் பீப்பாய் எப்போது திறந்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. எந்தப் பம்பை நிறுத்துவது என்று சேர்ந்து பார்ப்போம். செல்லருக்கு இறங்கும்போது அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். மேலே கணப்பருகில் வியர்த்துவிட்டு அப்படியே 12 டிகிரிக்குள் போகாதே.

அன்புடன்,
அப்பா