கிராமம், நகரம் பாடம் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் இரண்டாம் வகுப்பில் கிராம வாழ்க்கை, நகர வாழ்க்கை பற்றிய பாடம் தொடங்குகிறது. அதற்கு முன்பாக, பிள்ளைகளிடம் ஒரு கிராமத்தை வரையச் சொன்னோம். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் நெல்வயலும் தென்னை மரமும் மாட்டுவண்டியுமே இருந்தன. கோத்தகிரியைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் நெல் விளைவதில்லை என்பது தங்களுக்குத் தெரிந்ததே. எஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு சிறுமியிடம், "உங்கள் வீட்டை ஏன் வரையவில்லை?" என்று கேட்டேன். "அது கிராமம் இல்லைங்க சார், லைன்" என்றாள், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் குறித்து. அந்தப் பதில் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே, படத்தைப் பார்த்து எது கிராமம், எது நகரம் என்று பிரித்தெழுதும் பயிற்சியோடு நிற்காமல், நம் மலையிலிருந்து என்ன இறங்குகிறது, என்ன ஏறி வருகிறது என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறோம். விதைத்து மூன்று மாதத்திற்குப் பின் பிடுங்கும் கேரட் கழுவப்பட்டு, மூட்டையாகி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவதையும், நாம் உண்ணும் அரிசி சமவெளியிலிருந்து லாரியேறி ரேஷன் கடைக்கு வருவதையும் பிள்ளைகள் தாமே சொல்லக் கற்க வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட பச்சைத் தேயிலை வேண்டும் என்பதைத் தராசில் நிறுத்தே காட்டப்போகிறோம். நகரத்தைப் புகையும் இரைச்சலுமாக மட்டும் காட்டுவதும் நேர்மையாகாது. நம் பிள்ளைகள் பலரின் தந்தையர் கோவையிலும் திருப்பூரிலும் உழைக்கிறார்கள், பெரிய வைத்தியம் என்றால் நாமும் கோவைக்குத்தான் இறங்குகிறோம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. "படிக்காவிட்டால் கொழுந்து பறிக்கத்தான் போகணும்" என்று வீட்டில் சொல்வதைத் தயவுசெய்து தவிர்த்திடுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கவலையை நான் அறிவேன். ஆனால் அதைக் கேட்டு வளரும் ஏழு வயதுப் பிள்ளை, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பனியில் மலையேறும் தன் தாயின் வேலையைத் தண்டனையாகவே எண்ணிக்கொள்கிறது.

புதன்கிழமைகளில் முதல் பாடவேளையில் தங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வாருங்கள். தேயிலை பறிப்பவர், வேன் ஓட்டுபவர், திருப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவர் என எவரும் வரலாம். தோட்டம் வைத்திருப்பவர்கள், மண் ஒட்டியபடியே தழையோடு இரண்டு கேரட்டுகளைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்